கேள்வி நேரம்: பிள்ளைகள் பள்ளியில் பெற்றோருக்கு என்ன வேலை?

கேரளத்தில் பாலக்காட்டின் கிழக்கு ஓரம், இடுக்கி மலை, ஆந்திரத்தில் நகரிப் பக்கம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் பலவும் இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. பிள்ளை படிக்கும் ஆரம்பப் பள்ளிக்குப் போய் ஏதாவது செய்யலாமா, செய்தால் எப்படி? நீட்டிச் சொல்ல வேண்டியதை நீட்டியும், ஒரு வரியில் முடிவதை ஒரு வரியிலும் சொல்லியிருக்கிறோம்.

மகள் தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூலில் (ஆரம்பப் பள்ளி) இரண்டாம் வகுப்பு. டீச்சரிடம் "ஏதாவது உதவி செய்யட்டுங்களா?" என்று கேட்டேன். "எப்ப வேணும்னாலும் வாங்க" என்றார். இரண்டு தடவை போனேன். வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பி வந்ததுதான் மிச்சம். எங்கே தப்பு?
— ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

கேட்ட கேள்வியில்தான். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும் டீச்சருக்கு, உங்களுக்கு ஒரு வேலை யோசித்துத் தருவது முப்பத்தோராவது வேலை. அதனால் "ஏதாவது" என்று போகாதீர்கள். வேலையை நீங்களே வகுத்து எடுத்துக்கொண்டு போங்கள்: "புதன்கிழமை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை வருகிறேன். வாசிக்கத் திணறும் நான்கைந்து பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்து வாசிக்க வைக்கிறேன். ஆறு வாரம் செய்து பார்ப்போம்." என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எத்தனை வாரம் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. இதற்கு டீச்சர் ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லிவிடலாம்.

ஆறு வாரம் என்று முடிவு வைப்பது முக்கியம். "வருஷம் முழுக்க வருகிறேன்" என்று தொடங்குகிறவர்களில் பலர் கர்க்கடகம் (ஆடி) முடிவதற்குள் நின்றுவிடுகிறார்கள். காத்திருந்து ஏமாறுவது பிள்ளைகள். ஆறு வாரம் சரியாக வந்தால் அடுத்த ஆறு வாரத்தை டீச்சரே கேட்பார். வர முடியாத நாளென்றால் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிடுங்கள்.

வகுப்பு டீச்சருக்கு முன்னால் ஹெச்.எம்.மைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் (2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது) பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. தன்னார்வமாக உதவ அந்தக் குழுவில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளி நேரத்தில் பிள்ளைகளிடம் போகும் எந்தப் பெரியவரும் ஹெச்.எம்.முக்குத் தெரிந்தே போக வேண்டும். வரும்போதும் போகும்போதும் வருகைப் பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்துப் போடுங்கள். சில பள்ளிகளில் அப்படி ஒரு நோட்டே இருக்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுப்பதையே உங்கள் முதல் உதவியாக வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் முதல் இரண்டு வாரமும், ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் முந்திய பரீட்சை வாரங்களும் வேண்டாம். முதல் நாள் எதுவும் செய்யாமல் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து கவனியுங்கள். சத்தம் போடும் பிள்ளைகளை டீச்சர் எதைக் கொண்டு அடக்குகிறார்? கை தட்டியா, பாட்டின் ஒரு வரி சொல்லியா? அதையே நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாக அடக்கினால் எட்டு வயதுப் பிள்ளை இரண்டையும் மதிக்காது.

மூன்றாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளை வாசிக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், புத்தகம் தமிழ். "மழை" என்பதை "மழ" என்று எழுதுகிறார்கள். ந, ன இரண்டும் தாறுமாறு. எங்கிருந்து தொடங்க?
— ஒரு தாய், வேலந்தாவளம்

இருபது நிமிடத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். பாய் விரித்து அரைவட்டமாக உட்காருங்கள், நீங்களும் தரையில்தான். எதிரே உட்கார்ந்து புத்தகத்தைக் காட்டினால் பாதிப் பேருக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும். அதனால் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும். முதல் மூன்று நிமிடம் நீங்கள் வாசிக்கிறீர்கள், சொல்லின் அடியில் விரல் ஓடுகிறது. மேலே வைத்தால் கொம்பும் புள்ளியும் மறையும். அடுத்த ஐந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறீர்கள். பிறகு எட்டு நிமிடம் ஒவ்வொருவரும் ஒரு பக்கம். மிச்சம் நான்கு நிமிடம் அதே பக்கத்துச் சொற்களை வைத்து விளையாட்டு. இரண்டு பிள்ளைக்கு ஒரு பிரதி வேண்டும். இல்லையென்றால் கதையைச் சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டிவிடுங்கள்.

உதவ வரும் பெற்றோர் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்: பிள்ளை ஒரு சொல்லில் நின்றதும் தாமே சொல்லிவிடுகிறார்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகும் வரவில்லையென்றால் முதல் எழுத்தை மட்டும் உச்சரியுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு வரியை மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். "வீட்டுக்குப் போனான்" என்பதை "வீட்டுக்கு வந்தான்" என்று வாசித்தால் திருத்த வேண்டும், பொருள் மாறிவிட்டது. "அம்மாவும் அப்பாவும்" என்பதை "அப்பாவும் அம்மாவும்" என்று வாசித்தால் விட்டுவிடலாம். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தடுக்கினால் புத்தகம் அந்தப் பிள்ளைக்குக் கடினம். பிள்ளையைத் திட்டாமல் புத்தகத்தை மாற்றுங்கள்.

இனி மலையாளக் கலப்பு. இதைப் பிழை என்று பார்த்தால் ஒரு வருஷம் ஆனாலும் தீராது. பிள்ளைக்கு இரண்டு மொழியின் ஒலி தெரிந்திருக்கிறது, எது எந்த மொழிக்கு உரியது என்ற கணக்குதான் இன்னும் பிடிபடவில்லை. அந்தக் கணக்கை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். ஒரு சார்ட்டை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் தலை, மழை, மலை, வாழை. வலப்பக்கம் அதே சொற்களை மலையாளத்தில் சொல்லும் விதத்தில், தமிழ் எழுத்திலேயே: தல, மழ, மல, வாழ. "கடைசியில் என்ன வித்தியாசம்?" என்று கேளுங்கள். இரண்டாவது நாளில் யாராவது ஒருத்தி "நம்மதுக்கு ஐ வருது" என்று சொல்லிவிடுவாள். அடுத்த வாரம் வந்து – வந்நு, தேங்காய் – தேங்ங, மாங்காய் – மாங்ங. தமிழில் ந்த, ங்க என்று வரும் இடத்தில் அங்கே மெல்லினமே இரட்டிக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

ந, ன குழப்பத்துக்கும் காரணம் இருக்கிறது. மலையாளத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துதான். ஆகவே தமிழில் எதைப் போடுவது என்பது காதால் தெரியாது, இடத்தால்தான் தெரியும். சொல்லின் முதலில் ந (நாய், நிலா, நூல்). த-வரிசைக்கு முன்னால் ந் (பந்து, சந்தை, பந்தல்). மற்ற இடத்தில் பெரும்பாலும் ன (வானம், மீன், கன்று). அநியாயம், செந்நிறம் போன்ற சொற்கள் இந்த வழிக்குள் வராது. மூன்றாம் வகுப்பில் அதைக் கிளற வேண்டாம்.

எதிர்த்திசைப் பிழையும் வரும். ககரத்துக்கு மலையாளத்தில் நான்கு எழுத்து, நமக்கு ஒன்று. தமிழ்ப் பிள்ளை மலையாள வகுப்பில் "காந்தி" என்று எழுதும்போது நம் பழக்கத்தில் முதல் ககரத்தைப் போட்டு மதிப்பெண் இழக்கும். அதை மலையாள டீச்சர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் காரணத்தை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள். பொருள் மாறும் சொற்கள் சிரிப்புக்கு நல்லவை: வெள்ளம் அங்கே குடிப்பது, இங்கே ஊரை அடித்துக்கொண்டு போவது, பட்டி அங்கே நாய், இங்கே ஆடு அடைக்கும் இடம். சிரிக்கலாம், ஒரு பிள்ளையைக் காட்டிச் சிரிக்கக் கூடாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: தேதி, புத்தகம், எங்கே நின்றது. அந்த நோட்டு டீச்சருக்கு உரியது. பஸ் ஸ்டாப்பில் அந்தப் பிள்ளையின் அம்மா கேட்டாலும், "டீச்சரைக் கேளுங்க" என்பதே பதில்.

கஞ்சிப்புரையில் (பள்ளிச் சமையல்கூடம்) சமையலுக்கு ஒரே ஒரு அக்காதான். அறுபது பிள்ளைகள். தாய்மார் இரண்டு பேர் போய் உதவலாமா? 2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?
— எம்.பி.டி.ஏ. (பள்ளித் தாய்மார் சங்கம்) உறுப்பினர், கோவிந்தாபுரம்

உதவலாம், ஆனால் அடுப்பங்கரையில் அல்ல. அது அந்த அக்காவின் இடம். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு உப்பு என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. புதிதாக இரண்டு பேர் புகுந்தால் வேலை கூடுமே தவிரக் குறையாது. காய் கழுவி நறுக்குவது, கை கழுவ வைப்பது, பரிமாறுவது ஆகிய மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிய உணவுத் திட்டத்தின் தேசிய அளவு ஆரம்ப வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். அறுபது பேருக்கு 6 கிலோ அரிசி, 1.2 கிலோ பருப்பு, 3 கிலோ காய், 300 கிராம் எண்ணெய். தோல் சீவிய பிறகும் அந்த மூன்று கிலோ காய் இருப்பது நல்லது. வெள்ளரியும் பூசணியும் வாங்கினால் மூன்றரைக்கு மேல் வாங்க வேண்டும். கணக்குப் பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. காய் குறைந்து குழம்பு தண்ணீராகும் நாளில் ஏன் என்று உங்களுக்கே தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

கை கழுவுவதற்கு ஆகும் நேரத்தை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நான்கு குழாய், அறுபது பிள்ளை என்றால் ஒரு குழாய்க்குப் பதினைந்து பேர். ஆளுக்கு நாற்பது விநாடி வைத்தாலும் பத்து நிமிடம். சோறு இறக்கிய பிறகு கை கழுவ விட்டால் கடைசிப் பிள்ளை ஆறிய சோறு சாப்பிடும், அல்லது கழுவாமலே உட்காரும். மணியடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே ஒன்றாம் வகுப்பை வெளியே விடச் சொல்லிக் கேளுங்கள். சோப்புக் கட்டியை நான்காக வெட்டி, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டிவிட்டால் சாக்கடையில் விழாது, காணாமலும் போகாது.

பரிமாறும்போது சாம்பார் வாளியைத் தரையில் வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் சூட்டுக்காயம் நேர இந்த ஒரு பழக்கமே போதும்: வரிசையில் தள்ளுமுள்ளு, ஒரு பிள்ளை பின்னால் கால் வைக்கிறது. பெஞ்சின் மேல் சுவரோரமாக வையுங்கள், வாளியை எப்போதும் இரண்டு பேர் தூக்குங்கள். மீறிச் சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மாவு, மை எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தாலோ முகம், கை என்றாலோ ஆஸ்பத்திரிக்குத்தான்.

சிறிய பிள்ளைக்கு முதலில் அரைக் கரண்டி. மறுபடி கேட்டு வாங்கினால் மிச்சம் வைக்காது. முட்டை நாளில் இன்னொரு கை தேவை, ஒன்றாம் வகுப்புக்கு ஓடு உரிக்க வராது.

உங்களுக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சாப்பாட்டுப் பக்கம் வராதீர்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தாலும் அன்றைக்குக் கை கழுவும் குழாயோடு நின்றுகொள்ளுங்கள். பரிமாறுமுன் ஆசிரியர் உட்படப் பெரியவர்கள் ருசி பார்த்து எழுதி வைப்பது நடைமுறை. அந்தக் கையெழுத்தைச் சாப்பிடாமல் போடாதீர்கள். மிச்சச் சோற்றை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், கன்றுக்குட்டிக்கு என்றாலும் கூட. ஊர் வாய்க்கு அது போதும்.

தண்ணீர்த் தொட்டியையும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு, ஆக 2,000 லிட்டர் தொட்டிக்கு 5 கிராம். நேராகக் கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். பழைய, காற்றுப் புகுந்த பொட்டலம் வீண். பவுடரின் வீரியம் பறந்திருக்கும், வாசனை மட்டும் மிச்சமிருக்கும்.

நான் ஒன்றாம் வகுப்புக்குள் போனாலே மகன் ஓடி வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறான்.
— ஒரு தாய், சித்தூர், பாலக்காடு

மூன்றாம் வகுப்புக்குப் போங்கள். அவனுக்கும் நல்லது, மற்ற பிள்ளைகளுக்கும் நல்லது.

எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் இடம் காலி. டி.டி.சி. (ஆசிரியர் பயிற்சி) படித்தவள் என்பதால் தினமும் வந்து நான்காம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சம்பளம் பற்றிப் பேச்சில்லை. போகட்டுமா?
— ஒரு தாய், மறையூர்

ஒரு நாள், இரண்டு நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொல்லலாம், அதுவும் பக்கத்து வகுப்பு டீச்சர் பொறுப்பில். தினமும் என்றால் வேண்டாம். நீங்கள் நல்ல மனதோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்றே அந்தக் காலியிடம் யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரை அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. உங்கள் பள்ளியின் எண்ணிக்கையையும் இருக்கும் ஆசிரியர்களையும் ஒரு தாளில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக்கி, ஏ.இ.ஓ.வுக்கு (உதவிக் கல்வி அலுவலர்) அனுப்பச் சொல்லுங்கள். நிரந்தர நியமனம் வரும்வரை தினக்கூலி அடிப்படையில் ஆள் வைக்கும் வழி கேரளத்தில் இருக்கிறது. உங்களுக்குத் தகுதி இருந்தால் அந்த வழியில் விண்ணப்பித்து, சம்பளத்தோடு உள்ளே போங்கள். தமிழ் மீடியத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு எல்லைப் பள்ளிகளில் பழையது. ஆள் வீட்டிலிருக்கும்போது அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

எது எப்படியானாலும் ஹாஜர் எடுப்பது, மதிப்பெண் போடுவது, தண்டிப்பது ஆகிய மூன்றும் உங்களுக்குக் கிடையாது. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் ஆசிரியருக்கே சட்டத்தில் தடை.

எஸ்டேட் வேலை. பகலில் பள்ளிக்குப் போக முடியாது. எங்களைப் போன்றவர்கள் ஒன்றும் செய்ய முடியாதா?
— ஒரு தகப்பனார், தேவிகுளம்

பகலில் வருகிறவர்களைவிட உங்களால் ஆகும் வேலை அதிகம். டீச்சர்களுக்குப் பற்றாக்குறை கை வேலைக்குத்தான். எழுத்து அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 22க்கு 28 அங்குலச் சார்ட் ஒன்றில், 4 அங்குல அகலமும் ஐந்தரை அங்குல உயரமும் கொண்ட அட்டை 28 வரும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று என்று 31 அட்டைக்கு இரண்டு சார்ட் வாங்கினால், மிச்சம் 25 அட்டைகளைப் படச் சொற்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஈரக்கை பட்டால் கரையும். பெர்மனென்ட் மார்க்கர் மெல்லிய சார்ட்டில் பின்பக்கம் ஊறும், அதனால் கெட்டிச் சார்ட்டாக வாங்குங்கள். ஒவ்வோர் அட்டையிலும் மேல் வலது மூலையை மட்டும் சாய்வாக வெட்டிவிடுங்கள். வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்தாலே அட்டை நேராக இருக்கிறதா என்று பிள்ளைக்குத் தெரியும். எழுத்தை முதலில் டீச்சரிடம் எழுதி வாங்கி, அந்த வடிவத்தையே பார்த்து எழுத வேண்டும். வீட்டுக்கு ஒரு 'ழ' இருந்தால் பிள்ளை எதை நம்பும்?

உங்கள் மலையில் மழைக்காலத்தில் புத்தகம் கெடும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, தரையிலிருந்து செங்கல் உயரத்தில் வையுங்கள். கிழிந்த புத்தகத்தை மைதாப் பசையால் ஒட்டாதீர்கள். பசைக்காகவே கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும். ஃபெவிகால் போதும். செல்லோடேப் இரண்டு வருஷத்தில் மஞ்சளாகி உதிர்ந்து, ஒட்டிய இடத்தையும் கொண்டு போகும்.

சனிக்கிழமை கிடைத்தால் நான்கு தகப்பன்மார் ஒரு சுத்தியல், உப்புத்தாள், ஒரு பொட்டலம் திருகாணியோடு போய், பெஞ்சுகளில் தலை நீட்டிய ஆணிகளைப் பாருங்கள். ஆணியை அடித்து இறக்கினால் மறுபடி எழும்பும். பிடுங்கிவிட்டுத் திருகாணி போடுங்கள்.

வீட்டில் தமிழ். பிள்ளை படிப்பது தெலுங்கு மீடியத்தில். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பள்ளியில் என்னால் என்ன ஆகும்?
— ஒரு தாய், நகரி, ஆந்திரம்

கணக்கு. எண்களுக்கு மீடியம் இல்லை, வாயால் சொல்லத் தெரிந்தால் போதும். புது விளக்குமாறு ஒன்றிலிருந்து ஈர்க்கு உருவி, நான்கு அங்குலத் துண்டாக நூறு வெட்டுங்கள். முனையைச் சிமெண்ட் தரையில் தேய்த்து மழுக்குங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டால் பத்துக் கட்டு. ஒரு குழுவுக்கு இது தாராளம்.

இரண்டாம் வகுப்பில் 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது, அதற்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது: இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டு, ஐந்து, நான்கிலிருந்து ஒன்று, மூன்று. "கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுத்தால் மந்திரம்போல ஒப்பிக்கும், அடுத்த வாரம் மறக்கும். நான்கு கட்டும் இரண்டு ஈர்க்கும் எதிரே வைத்து, "பதினேழு எனக்குக் கொடு" என்று கையை நீட்டுங்கள். ஒரு கட்டு வரும். ஏழுக்கு இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். அது கழற்றுகிற வரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து ஈர்க்கு: 25. இதைப் பத்துக் கணக்குக்குச் செய்த பிறகுதான் சிலேட்டு.

தெலுங்கில் எண்ணச் சொல்லும்போது ஒரு வசதியும் உண்டு. தமிழ்ப் பிள்ளைக்குத் தொண்ணூறு என்றதும் காதில் 'நூறு' விழுந்து குழம்பும். தெலுங்கில் தொம்மிதி, தொம்பை என்று ஒன்பதும் தொண்ணூறும் ஒரே வேரில் ஒட்டி வருவதால் அங்கே தடுமாற்றம் குறைவு. இரண்டு மொழியிலும் எண்ணச் சொல்லி, எது எளிது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

வாசிக்க வந்த ஒரு பிள்ளை வீட்டில் தனக்கு நடக்கும் ஒன்றைச் சொன்னது. கேட்கவே மனம் பதறுகிறது. யாரிடம் சொல்வது?
— பெயர், ஊர் வேண்டாம்

"சொன்னது நல்லது" என்று மட்டும் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம், அதைக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை சொன்ன சொற்களை மாற்றாமல், தேதி, நேரத்தோடு அன்றே எழுதி வையுங்கள். ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள். ஆனால் அதோடு உங்கள் கடமை முடிவதில்லை. பாலியல் கொடுமை என்ற சந்தேகம் வந்தாலே, அறிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தெரிவிக்காமல் விடுவது குற்றம். 1098 குழந்தைகள் உதவி எண்ணை அன்றைக்கே அழைக்கலாம். பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிக்காதீர்கள். ஆபத்து பிள்ளைக்கு.

இந்த இடத்தில் இன்னொன்று. நீங்கள் பிள்ளைகளோடு இருக்கும் இடம் எப்போதும் மற்றவர் பார்வையில் இருக்கட்டும்: வராந்தா, அல்லது கதவு திறந்த அறை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது வேண்டவே வேண்டாம்.

ஆண்டு விழாவுக்குப் பெற்றோரிடம் பணம் திரட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். என் கூகுள் பே எண்ணைக் கொடுக்கலாமா?
— ஒரு தகப்பனார், மீனாட்சிபுரம்

கூடாது. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) கணக்குக்கே பணம் போக வேண்டும், ஐம்பது ரூபாய்க்கும் ரசீது வேண்டும், செலவுக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். கொடுத்தவர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் கொடுக்காதவர் பட்டியலும் அதுவேதான்.

இரண்டாம், மூன்றாம் வகுப்பு நாற்பது பிள்ளைகளைப் பாலக்காடு கோட்டைக்கு அழைத்துப் போகிறோம். உடன் வரும் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?
— பி.டி.ஏ. உறுப்பினர், எருத்தேன்பதி

இந்த வயதுக்கு ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்கு ஏழு பேர், அதில் இரண்டு பேருக்கு மட்டும் ஐந்தைந்து பிள்ளைகள். அவரவர் குழுவில் உள்ள பிள்ளைகளின் பெயர், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய தாள் அவரவர் பையில் இருக்க வேண்டும். பஸ்ஸில் "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது" என்று ஒருவர் மொத்தமாக எண்ணுவதில் பிழை வரும். ஒரு பிள்ளை இடம் மாறினாலே கணக்குத் தப்பும். ஏழு பேரும் தம் குழுவைப் பெயர் சொல்லிப் பார்த்து "ஆறு இருக்கு", "ஐந்து இருக்கு" என்று சொல்வதுதான் சரி. ஏறும்போது, இறங்கும்போது, கழிப்பறைக்குப் போய் வந்த பின், சாப்பிட்ட பின் என்று ஒவ்வொரு தடவையும். பிள்ளைகளை இரண்டிரண்டாகக் கை கோத்துவிடுங்கள். ஜோடியைக் காணவில்லையென்றால் உங்களுக்கு முன்னால் மற்றப் பிள்ளை கத்தும்.

கோட்டையைச் சுற்றி அகழி, அதில் தண்ணீர். வாசலை நோக்கி நடக்கும்போது பிள்ளைகள் மீன் பார்க்க ஓரத்துக்குப் போகும். அந்த இடத்தில் மட்டும் பெரியவர்கள் தண்ணீர்ப் பக்கமாக நடங்கள், பிள்ளைகள் உட்பக்கம். 1766இல் ஹைதர் அலி கட்டியது என்பதை உள்ளே போய் நிழலில் உட்கார வைத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

வாந்தி வரும் பிள்ளை யார் என்று முந்தின நாளே கேட்டுவிட்டு, அவர்களை முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். காலையில் இட்லி போதும். பூரியும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். பழைய செய்தித்தாள், பாலிதீன் பை, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு மாற்று டவுசர் டிரைவர் பின்னால் இருக்கட்டும். தன் பிள்ளை இருக்கும் குழுவுக்குத் தாயோ தகப்பனோ பொறுப்பேற்கக் கூடாது. கண் ஒரு பிள்ளை மேலேயே இருக்கும்.

திரும்பி வந்ததும் பிள்ளைகளை மொத்தமாக கேட்டில் இறக்கிவிடாதீர்கள். தாளில் உள்ள பெயருக்கு எதிரே, கூட்டிப்போக வந்தவரின் கையெழுத்து வாங்கிக்கொண்டே அனுப்ப வேண்டும். கடைசிக் கையெழுத்து விழுந்த பிறகு ஒருவர் பஸ்ஸுக்குள் ஏறிப் பின்சீட்டு வரை குனிந்து பாருங்கள். நான்கு தண்ணீர் பாட்டிலாவது கிடைக்கும். தூங்கிப்போன பிள்ளை ஒன்றும் கிடைக்கலாம்.